கொஞ்சம் பொறுக்கலாமா

தலைவலி என்று அவர் சொன்னபோது அவள் முதலில் செய்த காரியம், அவருடைய மூக்குக்கண்ணாடியை மாற்றியதுதான்.

வேறு என்ன செய்வாள்? கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கடை, அதே மேசை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பதால் கணவர் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"டாக்டரம்மா, பின்மண்டையில யாரோ சம்மட்டி வச்சு அடிக்கறான். பவர் ஏறியிருக்குமோ?" என்று கேட்டபடி ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

உட்காரவைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அந்த வயதில் யாருக்குத்தான் ஏறாது? புது லென்ஸைத் தன் கையாலேயே தேய்த்துப் பொருத்தி, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் வளைத்துக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "அடடா, இவ்வளவு காலமா வேற யாரையோ என் பொண்டாட்டின்னு நினைச்சுட்டிருந்தேனே" என்றார். கடை முழுக்கச் சிரித்தது.

தலைவலி மட்டும் போகவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாது. பிள்ளை குட்டி இல்லாத அந்த வீடு வெறிச்சென்று இல்லாமல் இருந்ததற்கு அவருடைய வாய்தான் காரணம். வேலையிலும் அந்த வாய்க்குத் தனி மரியாதை இருந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய் உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், மற்றவர்கள் மாடியிலிருக்கும் மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். இவர் கதவிடுக்கில் வாயை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். "உள்ள யாரு? ஒண்ணும் பயப்படாதீங்க. காத்து நல்லா வருது, கயிறு நல்லா இருக்கு. மக்கர் பண்றது ஒரு சின்ன ஸ்விட்ச். அதைச் சரி பண்ற வரைக்கும் உங்க மாமியாரைப் பத்திச் சொல்லுங்க, கேட்கறேன்." அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

அப்படிப்பட்டவரைப் பற்றி அவருடைய கூட்டாளி ஒருநாள் கடைக்கு வந்து, அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் கொஞ்ச நாளா சரியில்லை. நேத்து ஒரு அம்மா உள்ள மாட்டிக்கிட்டு கத்தறாங்க. இவர் பாட்டுக்குச் சும்மா நிக்கறாரு. ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் மெயின் ஸ்விட்சை அணைக்காமலே லிஃப்ட் குழிக்குள்ள கால் வைக்கப் போனாரு. நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்."

"குடிச்சிருந்தாரா?"

"அப்படி இருந்தாக்கூட தேவலையேன்னு நினைச்சேன்க்கா. வாசனையே இல்லை."

வீட்டில் கேட்டபோது அவர் எரிந்து விழுந்தார். "என்னை வேவு பார்க்க ஆள் வச்சிருக்கியா?" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை. வேலைக் களைப்பு என்று நினைத்தாள். தெருமுனை டாக்டர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் மனச்சோர்வு, நடந்தால் சரியாகும் என்றார். நடந்தார். நடந்துவிட்டு வந்தவர், தன் வீட்டு நிலைப்படியிலேயே இடது தோளை இடித்துக்கொண்டார். அன்று சாப்பிடும்போது அவள் பார்த்தாள்: தட்டின் வலது பாதி துடைத்தது போலக் காலியாகியிருந்தது. இடது பாதியில் வைத்தது வைத்தபடி இருந்தது. "இன்னும் பசிக்குது, போடு" என்றார் அவர்.

மறுநாள் அவரைக் கடையில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி விரலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு மற்றொரு கண்ணை மூடிப் பார்த்தாள். இரண்டு கண்ணுக்கும் இடப்பக்கம் தெரியவில்லை. ஒரு கண் கெட்டால் அது கண்ணின் கோளாறு. இரண்டிலும் ஒரே பக்கம் மறைந்தால் கோளாறு கண்ணுக்குப் பின்னால், தலைக்குள். கடைக்கு வந்துபோகிற கண் டாக்டர் சொல்லி அவள் கேட்டிருந்தது அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அவரை அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

ஸ்கேனில் மூளையின் இரண்டு பக்கமும் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பக்கவாதம் என்றார்கள். ஆனால் ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, சர்க்கரை இல்லை, இதயத்தில் பழுதில்லை. அப்படியானால் ஏன் வந்தது? முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்தார்கள். தொடை வழியே குழாய் செலுத்தி, சாயம் ஏற்றி, மூளை ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள்.

நரம்பு டாக்டர் ஒல்லியான மனிதர். பேசத் தொடங்குமுன் பேனாவின் மூடியைக் கழற்றி, திரும்ப மூடி, மறுபடி கழற்றுவார். அவள் எதிரே படத்தை வைத்து, ஒரு குழாயைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். மணி கோத்த மாதிரி, ஓரிடம் பெருத்தும் ஓரிடம் சிறுத்தும் இருந்தது.

"குழாயோட சுவர்ல அழற்சி இருக்கற மாதிரி தெரியுதும்மா. சுவர் வீங்கினா உள்ள வழி குறுகிடும். ரத்தம் போகாத இடம் செத்துப்போகும். கிருமியை அடிக்கறதுக்காக நம்ம உடம்புல ஒரு படை இருக்குல்ல, அது வழி தவறி நம்ம குழாயையே அடிக்குது. ஏன்னு கேட்டீங்கன்னா எனக்கும் தெரியாது."

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. நல்லாவே கேட்கும். ஆனா அது அந்தப் படையையே அடக்கிப் போடற மருந்து. இதே மாதிரி படம் கிருமியாலயும் வரும், ஒரு வகைப் புற்றாலயும் வரும். கிருமியா இருக்கற இடத்துல இந்த மருந்தைக் கொடுத்தா, திருடனுக்கு நானே கதவைத் திறந்து விட்ட கதையாகிடும். அதனால ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்துடலாம்னு நினைக்கறேன்."

"எங்கேர்ந்து?"

அவர் பேனாவை மூடினார். "மூளையிலேர்ந்து."

அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். எலும்பில் சின்னதாக ஒரு துளை, பட்டாணி அளவுத் துண்டு, பேச்சுக்கும் கைகாலுக்கும் சம்பந்தமில்லாத இடமாகப் பார்த்து எடுப்போம் என்றெல்லாம் சொன்னார். "ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரத்தம் கசியலாம். வலிப்பு வரலாம். சில சமயம் எடுத்த துண்டுல ஒண்ணும் தெரியாமலும் போகும்."

இத்தனையிலும் அவள் மனம் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான். ஒன்றும் தெரியாமல் போவதற்காகவா மண்டையைத் திறப்பது?

கணவரிடம் கேட்டாள். கட்டிலில் சாய்ந்திருந்தவர், தேதியைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாத நிலையில் இருந்தார். ஆனால் பேச்சு இருந்தது. குழறலும் சறுக்கலுமாக இருந்தாலும் அது அவருடைய பேச்சுதான். "டாக்டரம்மா நீதான். நீ சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய தங்கை, அவளுடைய நாத்தனார், வாசலிலேயே வழிமறித்தாள். "அண்ணி, வேண்டவே வேண்டாம். எங்கப்பாவும் இப்படித்தான் தன் கால்ல நடந்து போனாரு. ஆபரேஷன்னாங்க. எப்படித் திரும்பி வந்தாருன்னு உங்களுக்குத் தெரியாது. அது வெறும் வயிறு. இது தலை. தலைல கை வச்சா மனுஷன் மனுஷனா இருப்பானா?"

பின்னாளில் ஊரார் கேட்டபோது நாத்தனாரின் பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் சொன்னதில்லை. நாத்தனாருடைய பயம் அன்று அவளுக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. தனக்குள் இருந்த பயத்துக்கு ஒரு துணை கிடைத்தது. 'அவங்க தங்கச்சி ஒத்துக்கலை' என்று டாக்டரிடம் சொல்வது, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்வதைவிட எளிதாக இருந்தது.

"கொஞ்சம் பொறுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள். "வேற ஏதாவது டெஸ்ட்ல தெரியாதா?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மூடினார். "தண்டுவட நீரைக் கிருமி வளருதான்னு பார்க்க வச்சிருக்கோம். அந்த முடிவு வர்ற வரைக்கும் பார்க்கலாம். ஆனா ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்மா."

அந்த ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் அவ்வளவு மோசமாக இல்லை என்பதுதான் கொடுமை. தலைவலிக்கு ஏதோ கொடுத்ததில் அவர் சற்றுத் தெளிந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், அந்த ஆளுடைய குறட்டைக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று விசாரித்தார். ஊசி போட வந்த நர்சிடம், "மெதுவாம்மா, உள்ள ஆள் இருக்கு" என்றார். நாத்தனார் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே 'பார்த்தீங்களா' என்றாள். அவளும் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள். நர்ஸ் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து கேட்ட ஒவ்வொரு முறையும், "நாளைக்குச் சொல்றேனே" என்றாள்.

ஒரு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியை லிஃப்டில் வைத்து இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்திய பழைய கதை. அவளுக்கு மனப்பாடமான கதை. "அந்த ஆளு உள்ளேர்ந்து என்ன சொன்னான் தெரியுமா" என்றவர் நிறுத்தினார். மென்றுகொண்டிருந்தது வாயோரம் வழிந்தது. வலது கை மடியில் விழுந்தது. அவள், "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டே, எழுந்து கத்துவதற்குப் பதிலாக, இன்னொரு தடவையும் கேட்டாள்: "என்னங்க, என்ன சொன்னான்?"

அவர் கண்கள் அவளையே பார்த்தன. வாய் அசைந்தது. சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

அன்று மாலை அவள் படிவத்தைப் படிக்கவே இல்லை. எங்கே என்று கேட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் அவரைக் கொண்டுபோனார்கள், மத்தியானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தலையில் ஒரு கட்டு. அவ்வளவுதான். ரத்தம் கசியவில்லை, வலிப்பு வரவில்லை. பின்னால் கட்டைப் பிரித்தபோது, நெற்றியில் முடி தொடங்குகிற இடத்துக்கு மேலே அவளுடைய சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. இதற்கா, இதற்கா என்று அவள் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக ஏதாவது நடந்திருந்தாலாவது தன் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

துண்டில் தெளிவாகத் தெரிந்தது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளேயே அழற்சி. கிருமி இல்லை, புற்று இல்லை. டாக்டர் நினைத்ததுதான். அன்றே ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். அதன் பின்னாலேயே இன்னொரு மருந்து, புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுப்பது. மாதம் ஒருமுறை வந்து படுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அன்று தாழ்வாரத்தில் டாக்டர் அவளிடம் சொன்னார். "நீங்க பொறுக்கலாமான்னு கேட்டப்போ, கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்லியிருக்கணும். ரிசல்ட் வரட்டும்னு நானும் இருந்துட்டேன்."

"முன்னாடியே பண்ணியிருந்தா பேச்சு போயிருக்காதா டாக்டர்?"

"போயிருக்காதுன்னு சொல்ல முடியாது. மருந்து பிடிக்கறதுக்கு நாளாகும். அதுக்குள்ள வந்திருக்கவும் வந்திருக்கலாம்." கொஞ்சம் நின்று, "வராமலும் இருந்திருக்கலாம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

மருந்து வேலை செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுப் புள்ளிகள் வரவில்லை. இடப்பக்கப் பார்வை முக்கால்வாசி திரும்பியது. வலது கை முதலில் விரலை அசைத்தது, பிறகு டம்ளரைப் பிடித்தது, பிறகு சட்டைப் பித்தானைப் போட்டது. ஸ்டீராய்டில் அவர் முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டது. பசி ஆளைத் தின்றது. தூக்கம் வராமல் அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்குவார். யாருக்காவது தும்மல் என்றால்கூட அவள் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவாள். நாத்தனாரும் முகமூடி போடாமல் உள்ளே வர முடியாது.

பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சாவிப் படத்தைக் காட்டுவாள். அவர் நெற்றி சுருங்கும். "தண்ணி" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும்; அதுதான் பார்க்கச் சகிக்காது. முதன்முதலாகத் தெளிவாக வந்த சொல், ரத்தம் எடுக்க வந்த பையனைப் பார்த்துச் சொன்ன ஒரு கெட்ட வார்த்தை. வார்டே கைதட்டியது. அவளும் தட்டினாள்.

மெல்ல மெல்ல ஒரு சொல், இரண்டு சொல் என்று ஒட்ட ஆரம்பித்தது. அதற்கு மேல் வளரவில்லை. கம்பெனியில் உதிரிப் பாகங்கள் இருக்கிற அறையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கூட்டாளிகள் இன்னமும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு பெயர் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் அந்த முதல் வாரம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. துண்டு எடுத்ததே சொல்லித்தான் தெரியும். தள்ளிப்போட்டதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதிலேயே அந்த நாள் போய்விடும்.

பரிசோதனைக்குப் போன ஒருநாள், டாக்டர் அவளை வெளியே வந்து கூப்பிட்டார். தாழ்வாரத்துப் பெஞ்சில் ஓர் இளைஞன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி உள்ளே படுத்திருந்தாள். அதே மாதிரி படம், அதே கேள்வி. "நான் சொல்றதைவிட நீங்க பேசினா அவருக்குக் கொஞ்சம் புரியும்னு நினைக்கறேன். உங்களுக்கு விருப்பம் இருந்தா மட்டும்" என்றார்.

அவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவரும் கூடவே வந்து அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"இவருக்கும் பண்ணினாங்க. இதோ, இவ்வளவுதான் தழும்பு" என்று அவர் முடியை ஒதுக்கிக் காட்டினாள். இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகலையா?"

"ஆபரேஷனால ஒண்ணும் ஆகலை."

"அப்புறம் ஏன் சார் பேசவே மாட்டேங்கறாரு?"

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். உள்ளே படுத்திருக்கிற, முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தாள்.

"டாக்டர் கேட்டப்போ நான் வேண்டாம்னுட்டேன்பா. பயம். கொஞ்சம் பொறுக்கலாமான்னு கேட்டேன். ஒரு வாரம் நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. சாப்பிட்டுட்டு இருக்கும்போது போயிடுச்சு. உடனே பண்ணியிருந்தா தப்பிச்சிருப்பாரான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கறது ரொம்பக் கஷ்டம். அதை மட்டும் உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

அவன் எழுந்து டாக்டர் அறைக்குள் போனான். அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எப்போதுமே அவர் ஒன்றும் சொல்வதில்லையே. இது சொல் கிடைக்காத மௌனமா, பேசப் பிடிக்காத மௌனமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முன்பென்றால் கோபம் வந்த நிமிஷமே கொட்டித் தீர்த்துவிடுவார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் அவளைப் பார்த்துத் திரும்பினார். வாய் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தது.

"ஏன்... சொல்லலை?"

"பயந்துட்டேங்க."

அவர் யோசித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "அப்பவும்... பயம்." மூச்சு வாங்கினார். "இப்பவும்... பயம்."

அதில் கொஞ்சம் பழைய கேலி இருந்தது. கேலி மட்டுமே இருந்தது என்று அவளால் சொல்ல முடியாது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கதவைத் தட்டவில்லை.

அடுத்த சில நாள் இருவரும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். அவர் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அவள் துவைத்ததை அவர் மடித்து வைத்தார். ஒரு விடுமுறைக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்த இளைஞனின் மனைவிக்குத் துண்டு எடுத்துவிட்டார்களாம். அவளுக்கு வந்திருப்பது கிருமியாம், வேறு மருந்து தொடங்கியாயிற்றாம், நன்றாகப் பேசுகிறாளாம்.

அவர் மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் போய்ச் சொன்னாள். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லது" என்றார். எங்கும் சிக்காமல், முழுசாக வந்தது அந்தச் சொல்.

அதற்குமேல் ஏதாவது வருமா என்று அவள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள். அவர் கத்தியை எடுத்து அடுத்த பீன்ஸின் நாரை உரித்தார். கொஞ்சம் கழித்து, எதிரே இருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து ஒரு பிடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.